இன்மையின் பொறுப்பு

பண்டத்தரிப்பிலே பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் பார்ப்பவர், அதில் நிலத்தைப் பற்றிய செய்தியைக் காட்டிலும் அயலவரைப் பற்றிய செய்தியே மிகுந்திருக்கக் காண்பர். காணியின் பெயரும் பரப்புக் கணக்கும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அதன்பின், கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே இன்னாரின் பங்கு, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் உரிமைக்காரர் என எல்லைகள் பெரும்பாலும் பெயர்களாலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். காணி எங்கே உள்ளது என்பதை உறுதி நேரே சொல்வதில்லை. சொல்லக்கூடிய மனிதரையே அது சுட்டுகின்றது. உறுதி எழுதப்பெற்ற நாளில் அம்மனிதர் வேலிக்கு அப்பால் நின்றனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒருவர் இறந்திருப்பார். ஒருவர் தம் பங்கை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருப்பார். ஒருவர் கடல் கடந்திருப்பார். உறுதியோ மாறுவதில்லை. இல்லாத ஒருவரை இருப்பவர் போலவே அது சுட்டிக்கொண்டிருக்கும். வேலிக் கதியால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்வதற்கும், எல்லை வழக்குகள் தலைமுறை தாண்டி நீள்வதற்கும் இச்சுட்டுதலின் பழுது ஒரு காரணமாகும்.

இத்தகைய ஏட்டில் பிறிதொரு பழுதும் உண்டு. எழுத வேண்டிய இடம் வெறுமையாக விடப்படுதல் என்பதே அது. உரிமையாளர் பெயர் எழுதப்பட வேண்டிய கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லையாயின், பின்னர் அதனைப் படிப்பவர் யாது கொள்வது? உரிமையாளர் இல்லை என்பதா? உண்டு, ஆனால் பெயர் தெரியவில்லை என்பதா? தெரியும், ஆனால் இன்னும் எழுதவில்லை என்பதா? அன்றி எழுதுபவர் மறந்துவிட்டார் என்பதா? வெறுமை இந்நான்கையும் ஒரே முகத்துடன் காட்டி நிற்கும்.

இல்லாத ஒன்றை எவ்வாறு எழுதுவது, அவ்வாறு எழுதுவதில் நேரும் பிழைக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள், சென்ற அரை நூற்றாண்டுக்கு மேலாக, எதிர்பாராத ஒரு துறையிலே தீவிரமாக ஆராயப்பட்டு வந்துள்ளன. கணனிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளை வடிவமைக்கும் துறையே அது. அங்கு இவ்வினா நுட்பவியல் வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின் அதன் உள்ளே இருப்பது ஓர் ஒழுக்கவியல் வினா என்பதையும், அவ்வினாவிற்கு அத்துறை கண்ட விடை கணனிக்குப் புறம்பான வாழ்வுக்கும் உரியது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனியின் நினைவகத்தை எல்லையிட்டு இலக்கமிடப்பட்ட காணித்துண்டுகளின் வரிசையாக உருவகிக்கலாம். இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய துண்டைக் கேட்டுப் பெறுகின்றது, பயன்படுத்துகின்றது, தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கின்றது. துண்டின் இலக்கத்தைத் தாங்கி நிற்பது சுட்டி எனப்படும். சுட்டி காணியன்று, காணியைக் காட்டும் உறுதி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சீ என்னும் மொழி, கேட்டுப் பெறுவதையும் திருப்பிக் கொடுப்பதையும் நிரலாளரின் பொறுப்பிலேயே முழுமையாக விட்டது. விரைவு மிக்க மொழி அது. உலகின் கணனிகள் பலவற்றின் அடித்தளம் இன்றும் அம்மொழியிலும் அதன் வழித்தோன்றலாகிய சீ பிளஸ் பிளஸ் மொழியிலும் எழுதப்பட்டதேயாகும்.

ஆயின் அம்முறையில் நேரும் பிழைகள் காணி வழக்கறிந்த எவருக்கும் புதியனவல்ல. திருப்பிக் கொடுத்த துண்டைப் பழைய சுட்டியைக் கொண்டு மீண்டும் பயன்படுத்தல், விற்ற காணிக்குள் பழைய உறுதியுடன் நுழைவதை ஒக்கும். ஒரே துண்டை இருமுறை திருப்பிக் கொடுத்தல், ஒரே காணியை இருவருக்கு விற்பதை ஒக்கும். திருப்பிக் கொடாமலே விடுதல், ஆளற்ற வளவுகள் ஊரெங்கும் பெருகி, வேண்டியவருக்கு நிலமில்லாது போவதை ஒக்கும். எல்லையைத் தாண்டி அடுத்த துண்டில் எழுதுதல் கதியால் நகர்த்தலேயன்றி வேறில்லை. இவை சிறு பிழைகளல்ல. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுள் ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்த பிழைகளே என மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019இல் அறிவித்தது. கூகிள் நிறுவனத்தின் குரோம் உலாவியை உருவாக்குவோரும் பாரதூரமான குறைபாடுகளைப் பற்றி 2020இல் அதே அளவான வீதத்தையே வெளியிட்டனர்.

இனி, வெறுமையின் வரலாற்றை நோக்குவோம். சுட்டி எதனையும் சுட்டாத நிலையைக் குறிக்கும் அடையாளத்தை நிரலாளர் 'நல்' என்பர். தமிழில் எழுதுமிடத்து நன்மையைக் குறிக்கும் சொல்லாக மயங்கத்தக்க இதனை வெற்றுச்சுட்டி என்றழைப்பது தெளிவு. இதனை நிரல்மொழிக்குள் புகுத்திய ரொனி ஹோர் 1934இல் கொழும்பிலே பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் அவர் பயின்றது கணிதமோ பொறியியலோ அன்று. கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் மெய்யியலுமே. அல்கோல் டபிள்யூ என்னும் மொழிக்கென 1965இல் சுட்டிகளின் ஒழுங்குமுறையை அவர் வகுத்தபோது, சுட்டிகளின் பயன்பாடு எதுவும் தீங்கு விளைக்காதவாறு தொகுப்பியே முன்கூட்டிச் சரிபார்த்துவிட வேண்டும் என்பதே அவரது குறிக்கோளாக இருந்தது. எனினும் வெற்றுச்சுட்டி ஒன்றையும் அதனுடன் சேர்த்துவிட்டார். காரணம் யாதெனில், அதனைச் சேர்ப்பது மிக எளிதாக இருந்தது என்பதே. 2009இல் இலண்டனில் நடந்த மாநாடொன்றில் அவரே இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இது நூறு கோடி டொலர் பெறுமதியான தமது தவறு என வருந்தினார்.

வெற்றுச்சுட்டி ஏன் தவறாகியது? இல்லாமை என்ற ஒன்று உலகில் உண்டு. அதனைக் குறிக்க ஓர் அடையாளமும் வேண்டும். தவறு அடையாளத்தில் இல்லை. அது மாறுவேடம் பூண்டமையிலேயே உள்ளது. மனிதரைச் சுட்ட வேண்டிய இடத்திலும், வங்கிக் கணக்கைச் சுட்ட வேண்டிய இடத்திலும், நோயாளியின் குருதி வகையைச் சுட்ட வேண்டிய இடத்திலும் அதே வெறுமை எவ்வித அறிவித்தலுமின்றி வந்து அமரலாம். மொழி அதனை அனுமதிக்கும். பொருள் இருக்கிறது என நம்பி நிரல் அதனைத் தொட முயலும் கணத்திலேயே அனைத்தும் நின்றுவிடும். 2025 யூன் 12ஆந் திகதி கூகிளின் மேகச் சேவைகள் உலகெங்கும் மணிக்கணக்காகத் தடைப்பட்டன. கொள்கைத் தரவொன்றில் சில கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. அத்தரவு சில விநாடிகளில் உலகெங்கும் பரப்பப்பட்டது. அதனைப் படித்த நிரல் வெறுமையை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. எனவே வெற்றுச்சுட்டியில் இடறி, எழுந்து, மீண்டும் இடறிக்கொண்டேயிருந்தது. வெறுமையை விட்டவர் ஒருவர்; இடறியது வேறொன்று; இழப்புற்றவரோ இவ்விரண்டையும் அறியாத இலட்சக்கணக்கானோர்.

ஈண்டு ஒழுக்கவியல் வினா எழுகின்றது. இக்குற்றம் மனிதனுடையதா, மொழியினுடையதா?

மனிதனுடையதே என்பாரின் வாதம் இலகுவில் தள்ளத்தக்கதன்று. உளி கூரியதென்று தச்சன் உளியைக் குறை கூறுவதில்லை. தொழிலைக் கற்றவன் எங்கே கவனம் வேண்டும் என்பதை அறிவான். அறியாதவன் கற்றுக்கொள்ள வேண்டும். மொழியே எல்லாவற்றையும் தடுத்துவிடுமாயின், கவனம் என்னும் பண்பு வளர இடமேது? தடுக்கி விழ இயலாத பாதையில் மட்டும் நடந்தவன் நடக்கக் கற்றவனாவானா? அறம் என்பது தவறு செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாமையன்றோ? இவ்வாதம் தொழிலாளியின் மானத்தையும் சுதந்திரத்தையும் மதிக்கின்றது. அதனாலேயே திறமை மிக்க நிரலாளர் பலர் பல்லாண்டு காலமாக இதனைத் தாங்கி நின்றனர்.

ஆயின் அனுபவம் இவ்வாதத்திற்கு எதிராகவே நிற்கின்றது. கூகிளின் அண்ட்ரொயிட் அமைப்பில் நினைவகப் பிழைகளால் விளைந்த குறைபாடுகள் 2019இல் மொத்தக் குறைபாடுகளுள் 76 வீதமாக இருந்தன. 2024இல் அவை 24 வீதமாகக் குறைந்தன. இவ்வைந்தாண்டுகளில் நிரலாளர் திடீரென அறவோராகிவிடவில்லை. பழைய நிரல்களை எல்லாம் திருத்தி எழுதியதும் இல்லை. புதிதாக எழுதப்படுவனவற்றைப் படிப்படியாகப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கினர், அவ்வளவே. ஏறத்தாழ அதே மனிதர், அதே அவசரம், அதே மறதி. மொழி மட்டும் மாறியது. ஒரு பிழை நாற்பது ஆண்டுகளாக, உலகின் மிகத் தேர்ந்த கைகளிலிருந்தும் அதே வீதத்தில் வெளிவருமாயின், அதனைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறையென்று சொல்வது ஆராய்ச்சியன்று, ஆராய மறுத்தலேயாகும்.

இதனினும் ஆழமான விடையொன்றும் உண்டு. கவனமின்மையின் விலையை எவர், எப்போது செலுத்துகின்றனர் என்பதே அது. தச்சனின் உளி வழுக்கினால் வெட்டுப்படுவது தச்சனின் கை. நிரலாளரின் கவனம் வழுவினால் வெட்டுப்படுவது, என்றோ ஒரு நாள், எங்கோ இருந்து, அந்நிரலை நம்பிப் பயன்படுத்தும் அந்நியரின் கை. எழுதும் காலத்தில் ஒரு விநாடி சேமிக்கப்படுகின்றது. இயங்கும் காலத்தில் அது பிறர் தலையில் கடனாக விழுகின்றது. ஆகவே மொழியின் கட்டுப்பாடு நிரலாளரின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது பாதி உண்மையே. தன் செலவைப் பிறர்மேல் ஏற்றும் சுதந்திரத்தையே அது பறிக்கின்றது. அத்தகைய சுதந்திரம் எவருக்கும் உரியதென எந்த அறநூலும் கூறவில்லை.

இப்பொறுப்பை மீட்டெடுக்க இரு வழிகள் காணப்பட்டன. முதலாவது, துப்புரவுப் பணியைத் தனியொரு பணியாளிடம் ஒப்படைப்பது. 1960ஐ ஒட்டி ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழிக்கென இம்முறையை வகுத்தார். நிரல் இயங்கும்போதே அப்பணியாள் இடையிடையே வலம்வந்து, எவராலும் சுட்டப்படாத துண்டுகளை மீட்டெடுக்கும். ஜாவா போன்ற மொழிகள் இவ்வழியைப் பின்பற்றின. இது பெரும் நன்மையே. எனினும் பணியாளுக்கு நேரமும் இடமும் செலவாகும். நினைவகம் தூய்மையானாலும் வெற்றுச்சுட்டி ஜாவாவில் அப்படியே தங்கிவிட்டது.

இரண்டாவது வழி உரிமையை வரையறுப்பது. 2015இல் முதற் பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழி இவ்வழியைத் தெரிந்துகொண்டது. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் உரிமையாளர் உண்டு. பிறர் அதனை இரவலாகப் பெறலாம்; ஆயின் இரவல் உரிமையாளரின் ஆயுளைக் கடந்து நீளலாகாது. மாற்றி எழுதும் அதிகாரத்துடன் ஒருவர் இரவல் பெற்றிருக்கும் வரை உரிமையாளர் தாமும் அதனைத் தொடலாகாது. யாழ்ப்பாணத்தவருக்கு இது விளங்காத கோட்பாடன்று. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707இல் தொகுத்தளித்த தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் உள்ளன. காணியை ஒற்றிவைத்தவர் உரிமையை இழப்பதில்லை. ஆயின் மீட்கும் வரை அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக ஒற்றி பெற்றவரே அனுபவிப்பார். ஒற்றி பெற்றவர் காணியை விற்கவும் இயலாது. உரிமையாளர் இடையிலே புகுந்து விதைக்கவும் இயலாது. உரிமையும் அனுபவமும் வேறுவேறு என்பதும், அவை ஒரே நேரத்தில் முரணலாகாது என்பதும் அவ்விதிகளின் உட்கிடை. ரஸ்ட் மொழி செய்ததெல்லாம், வழக்கு மூண்டபின் நீதிமன்றம் ஆராய்வதை, உறுதி எழுதும்போதே நொத்தாரிசு ஆராய்ந்து, பொருந்தாவிடின் எழுத மறுக்குமாறு ஆக்கியமையே.

வெறுமையைப் பொறுத்தவரை கண்ட தீர்வு இதனினும் எளியது. ஆனால் மெய்யியல் நோக்கில் இதனினும் சிறந்தது. ஹஸ்கெல் முதலிய மொழிகளில் முன்னரே இருந்து, பின்னர் சுவிப்ட், ரஸ்ட், கொட்லின் முதலியவற்றில் பரவிய முறை அது. அதன்படி 'மனிதர்' என்பது ஒரு வகை. 'மனிதர் இருக்கலாம், இல்லாதிருக்கலாம்' என்பது வேறொரு வகை. முதலாவதில் வெறுமை புகவே முடியாது. இரண்டாவதைப் பயன்படுத்துபவர், இல்லையாயின் யாது செய்வது என்பதற்கும் விடை எழுதினாலன்றித் தொகுப்பி அவரது நிரலை ஏற்காது. இன்மை ஒழிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அது வெளிப்படையாக்கப்பட்டது, எழுதியவர் அதனை அறிவித்தாக வேண்டும், படிப்பவர் அதற்கு முகம்கொடுத்தாக வேண்டும்.

இத்தீர்வின் ஆழத்தை விளக்க நமது தருக்க மரபு பெரிதும் உதவும். நியாய வைசேடிகர் பதார்த்தங்களை ஏழாக வகுத்து, ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை வைத்தனர். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழில் ஆக்கித் தந்தமையால் இவ்வகுப்பு சைவ மாணாக்கர்க்கும் பாடமாயிற்று. இன்மை வெறும் சூனியமன்று என்பதே அவர்தம் துணிபு. இன்மை எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மை. ஏதோ ஓரிடத்தில் உள்ள இன்மை. நிலத்தில் குடம் இல்லை என்னும்போது குடம் அதன் பிரதியோகி. நிலம் அதன் இடம். பிரதியோகியும் இடமும் இன்றி 'இல்லை' என்று மட்டும் கூறுவது முற்றுப்பெறாத கூற்று. ஹோரின் வெற்றுச்சுட்டி இத்தகைய முற்றுப்பெறாத கூற்றே. எதனின் இன்மை என்று அது சொல்வதில்லை; அதனாலேயே எங்கும் நுழைந்தது. 'மனிதர் இருக்கலாம், இல்லாதிருக்கலாம்' என்னும் வகையோ, இல்லாதது மனிதர் என்பதைப் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது.

மேலும், இன்மை நான்கு வகைப்படும் என்பர். தோன்றுமுன் இல்லாமை முன்னின்மை. அழிந்தபின் இல்லாமை அழிவுபாட்டின்மை. ஒன்று மற்றொன்றாய் இல்லாமை ஒன்றினொன்றின்மை. எக்காலத்தும் இல்லாமை என்றுமின்மை. நிரலாளர் கண்டறிந்த பிழைகளை இவற்றின் பக்கத்தில் வைத்து நோக்கின் வியப்புண்டாகும். மதிப்பு இடப்படுமுன் ஒன்றைப் படித்தல் முன்னின்மையை மறத்தல்; திருப்பிக் கொடுத்தபின் பயன்படுத்தல் அழிவுபாட்டின்மையை மறத்தல்; ஒரு வகைப் பொருளை வேறு வகையாகக் கொள்ளல் ஒன்றினொன்றின்மையை மறத்தல்; ஒருபோதும் இராத ஒன்றை இருப்பதாகக் கொள்ளல் என்றுமின்மையை மறத்தல். தருக்க நூலார் கணனியை முன்னறிந்தனர் என இதனால் கொள்ளலாகாது. அத்தகைய பெருமிதம் பொருளற்றது. இன்மையைக் கவனமாக எண்ணிப் பார்க்கும் எவரும் இவ்வேறுபாடுகளை வந்தடைவர் என்பதே இதனால் பெறப்படும்.

இன்மையை அறிவது எவ்வாறு என்பதிலும் அம்மரபு கூர்மையானது. சிவஞான சித்தியாரின் அளவையியலும், பிறர் கொள்ளும் அளவைகளுள் ஒன்றாக அபாவத்தை எண்ணிப் பின் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். காணாமையைக் கொண்டு இல்லாமையைத் துணிவதற்கு மீமாஞ்சகர் ஒரு நிபந்தனை விதித்தனர். பொருள் அங்கு இருந்திருந்தால் கண்டிருக்கத்தக்க நிலையில் நின்று நோக்கியிருத்தல் வேண்டும் என்பதே அது. இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை எனச் சொல்ல உரிமையற்றவன். அவன் சொல்லத்தக்கது 'எனக்குத் தெரியவில்லை' என்பதொன்றே. இல்லை என்பது ஓர் அறிவு. தெரியாது என்பது அறிவின்மை. இரண்டையும் ஒரே வெறுமையால் எழுதுபவர், தம் அறியாமையை உலகின் இன்மையாக்கிவிடுகின்றார்.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழும். வெறுமையைத் தடைசெய்தால் எழுதுபவர் உண்மையை எழுதிவிடுவாரா? பொய்யை எழுதி இடத்தை நிரப்பவும் கூடுமன்றோ? கூடும். வயது தெரியாத இடத்தில் சுழியத்தையும், பிறந்த நாள் தெரியாத இடத்தில் யனவரி முதலாந் திகதியையும் இட்டு நிரப்புவது நிரலாளர் நன்கறிந்த வழக்கமே. கட்டாயம் இருந்து, உண்மைக்கு இடமில்லாதபோது, ஏடு பொய்யையே விளைவிக்கும். இதற்கு மிகத் தெளிவான சான்று பண்டத்தரிப்பின் வரலாற்றிலேயே உண்டு. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், பண்டத்தரிப்பு உள்ளிட்ட கோவிற்பற்றுகள் தோறும் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டை வைத்திருந்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்பட்டன. பதியப்படாத விவாகத்தின் பிள்ளைகள் முதுசம் பெறுவதில் இடர்ப்பட்டனர். அவ்வேட்டில் 'சைவர்' என எழுதக் கட்டம் இருக்கவில்லை. எனவே மக்கள் தேவாலயத்தில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் வேறு பெயருடன், வேறு தெய்வத்தை வணங்கினர். ஏட்டில் வெறுமை ஒன்றேனும் இருந்திராது. ஆயினும் அது பொய்களால் நிறைந்திருந்தது. 1796உடன் ஒல்லாந்தர் ஆட்சி நீங்க, அவ்வேட்டின் கிறித்தவர்களுட் பெரும்பாலோர் மறைந்துபோயினர். அவர்கள் மதம் மாறியதாகச் சொல்வதிலும், அவர்தம் பதிவு என்றுமே உண்மையாக இருக்கவில்லை எனச் சொல்வதே பொருந்தும்.

ஆகவே நேர்மையான ஏட்டுக்கு இரு பண்புகள் வேண்டும். வெறுமை மறைந்து நுழைய அது இடங்கொடுத்தலாகாது. இன்மையை உள்ளவாறே சொல்வதற்கு இடம் தர மறுத்தலும் ஆகாது. முதலாவது இல்லாதபோது பிழை பெருகும்; இரண்டாவது இல்லாதபோது பொய் பெருகும். புதிய நிரல்மொழிகளின் சிறப்பு, இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றியதில் உள்ளது.

இவ்வுண்மை கணனியோடு நின்றுவிடுவதன்று. இலங்கையின் அரசு தன் குடிமக்களைப் பதியும் ஏட்டில் நெடுங்காலம் இரண்டே கட்டங்கள் இருந்தன: உயிருடன் உள்ளார், இறந்தார். போர்க்காலத்தில் இரண்டிலும் அடங்காதவர் ஆயிரக்கணக்கில் உருவாயினர். சென்றவர் திரும்பவில்லை, கைதானவர், கையளிக்கப்பட்டவர் எங்கே என்பதற்கு விடையில்லை. அவரது பெயரில் காணி இருந்தது. வங்கியில் பணம் இருந்தது. பிள்ளைகளுக்குத் தந்தையின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போய் நீண்ட காலம் செய்தியற்றிருப்பவரை இறந்தவராகப் பதிய வழிசெய்தது. ஏடு நிரம்பியது, ஆயின் எதனால்? தேடியறிந்த உண்மையாலன்று. இறந்தார் என்பது அழிவுபாட்டின்மை. அதனைக் கூறுவதற்கு, காணத்தக்க நிலையில் நின்று நோக்கியிருத்தல் வேண்டும். நோக்காத அரசு, நோக்கியவர் மட்டுமே சொல்லத்தக்க சொல்லைத் தாய்மாரிடம் கொடுத்து, கையொப்பமிடுமாறு கேட்டது. பல குடும்பங்கள் மறுத்தன. உதவித்தொகையையும் இழக்கத் துணிந்து அவர்கள் மறுத்தமையைப் பாசத்தின் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது போதாது. பொய்யான மதிப்பொன்றை ஏட்டில் இடுவதற்கு அவர்கள் உடன்படவில்லை. அது ஒழுக்கத்தோடு கூடிய தருக்கமுமாகும்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாவது கட்டம் ஒன்றைத் திறந்தது. காணக்கிடைக்கவில்லை என்னும் சான்றிதழ் அதன்வழி வந்தது. இறந்தார் என்று கூறாமலே, அவரது உடைமைகளைப் பராமரிக்கவும் அரச உதவிகளைக் கோரவும் உறவினருக்கு அது வழிதந்தது. தெரியாது என்பதை இல்லை என்று எழுதாமல், தெரியாது என்றே எழுத அரசு உடன்பட்டது இங்கேதான். நிரல்மொழி வடிவமைப்பாளர் வந்தடைந்த அதே தீர்வு இது. இங்கோ அது எழுத்தில் வருவதற்கு எண்ணற்றோரின் கண்ணீர் வேண்டியிருந்தது.

ஆயினும் இச்சான்றிதழையும் ஏற்க மறுத்தோர் உளர். அவர்தம் மறுப்பிலும் நியாயம் உண்டு. 'இருக்கலாம், இல்லாதிருக்கலாம்' என்னும் வகையை அறிவித்துவிட்டால் மட்டும் நிரல் முடிந்துவிடாது. இரு நிலைகளுக்கும் உரிய விடையைப் பின்னர் எழுதியாக வேண்டும். கொட்லினிலும் சுவிப்டிலும் சோதியாமலே 'உண்டு' எனக் கொண்டு முன்செல்லுமாறு ஆணையிடும் குறியீடுகள் உள்ளன. அவசரக்காரர் அவற்றை இட்டுத் தப்பிக்கொள்வர். பழைய இடறல் அவ்வழியே திரும்பி வரும். அதுபோலவே, தெரியாது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த அரசு, தெரிந்துகொள்ளும் கடமையிலிருந்து அச்சான்றிதழாலேயே தப்பிக்கொள்ளவும் கூடும். தெரியாது என்பது நேர்மையான தொடக்கம். அதனை முடிவாகக் கொள்வது நேர்மையன்று. இருட்டறையில் நின்று 'எனக்குத் தெரியவில்லை' என்று உண்மை பேசியவனுக்கு அடுத்துள்ள கடமை விளக்கேற்றுதல்.

இதுவே மொழியின் எல்லையுமாகும். நல்ல மொழியும் நல்ல சட்டமும் நல்ல ஏடும் மனிதரை அறவோராக்கா. அவை செய்வது பிறிதொன்று: கவனமின்மையின் விலையை அந்நியரிடமிருந்து எடுத்து, எழுதுபவரிடமே திருப்பி வைக்கின்றன. எழுதுபவர் எழுதும்போதே, எது இல்லை, எங்கே இல்லை, எவ்வகையில் இல்லை, தேடிப் பார்த்துத்தான் சொல்கின்றேனா என்னும் வினாக்களை எதிர்கொள்ளுமாறு செய்கின்றன. விடையளிப்பதோ விடாதொழிவதோ பின்னரும் மனிதர் கையிலேயே உள்ளது. ஆனால் வினா எழவேயில்லை என்று இனி எவரும் சொல்ல இயலாது.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு நீங்கியபோது, பலர் கையில் எடுத்துச் சென்றவற்றுள் காணி உறுதியும் ஒன்று. அயலவர் பெயர்களைத் தாங்கிய அத்தாள்கள் அயலவர் எவரும் இல்லாத நிலத்தைச் சுட்டியவாறு தென்மராட்சியிலும் வன்னியிலும் பைகளுக்குள் கிடந்தன. திரும்பியவர்களுட் சிலர் எல்லையைக் கண்டனர். சிலர் எல்லையைச் சொல்லத்தக்க மனிதரைக் காணவில்லை. அத்தகைய காணிக்கு இன்று புதிய உறுதி முடிப்பவர், கிழக்கெல்லைக்குப் பழைய பெயரையே பார்த்தெழுதலாம், வெறுமையாகவும் விடலாம், அல்லது வேலியண்டை சென்று, அப்பால் இருப்பவர் யார், இருந்தவர் என்னவானார் என்று கேட்டறிந்து, அறிந்ததை அறிந்ததாகவும் அறியாததை அறியாததாகவும் எழுதலாம். முதலிரண்டும் எளியன. மூன்றாவதற்கு ஒரு நாள் கூடுதலாகச் செல்லும். அந்த ஒரு நாளை அவர் செலவிடாவிடின், இன்னும் பிறவாத ஒருவர் அதனைப் பல ஆண்டுகளாகச் செலவிட நேரும்.